உக்ரெஷிச் எந்த நாட்டு நாவலாசிரியர்? ஓர் அடைமொழிக் குழப்பத்தின் பின்னணி

டுப்ராவ்கா உக்ரெஷிச்சைப் பற்றி இணையத்தில் தேடினால் முதல் வரியிலேயே குழப்பம் தொடங்கிவிடும். ஓரிடத்தில் ‘குரோஷிய நாவலாசிரியர்’ என்றிருக்கும். இன்னோரிடத்தில் ‘யூகோஸ்லாவிய எழுத்தாளர்’. மூன்றாமிடத்தில் ‘டச்சு-குரோஷிய எழுத்தாளர்’. 2023 மார்ச் 17 அன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் இறந்த பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை. அவரோ, இல்லாமல் போன யூகோஸ்லாவியாவின் எழுத்தாளர் என்றே தன்னைக் கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

இதை ஒரு எழுத்தாளரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால் அவருடைய நாவல்கள் ஏன் துண்டு துண்டாக, பட்டியலும் அகராதியும் ஆல்பமுமாக இருக்கின்றன என்பது புரியாமலே போகும். அடைமொழிச் சிக்கலும் நாவல் வடிவச் சிக்கலும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேரைத்தான் இங்கே பார்க்கிறோம். நூல்களின் தமிழ்த் தலைப்புகள் இந்தக் கட்டுரையின் வசதிக்காக வைத்துக்கொண்டவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று

1. நாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான யூகோஸ்லாவியா ஆறு குடியரசுகளின் கூட்டாட்சி. குரோஷியா அவற்றில் ஒன்று. உக்ரெஷிச் 1949 மார்ச் 27 அன்று, குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபுக்குத் தென்கிழக்கே உள்ள குட்டினா என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் பல்கேரியாவின் கருங்கடல் நகரான வார்னாவிலிருந்து வந்தவர். ஆக வீட்டுக்குள்ளேயே இரண்டு நாடுகள். 1991 ஜூன் 25 அன்று குரோஷியா விடுதலையை அறிவித்தது. அடுத்து வந்த போர் 1995 வரை நீண்டது. யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியபோது உக்ரெஷிச்சுக்கு வயது 42. கூட்டாட்சிக்குள் பேர் வாங்கி முடித்திருந்தவர் அவர். வயதும் முக்கியம். இருபது வயதுக்காரர் புதிய நாட்டில் புதிதாகத் தொடங்கலாம். நாற்பதைக் கடந்தவரிடம், இதுவரை எழுதியதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி வந்து நிற்கும்.

2. மொழி. யூகோஸ்லாவியக் காலத்தில் செர்போ-குரோஷியன் என்ற ஒரே பெயர். இன்று குரோஷியன், செர்பியன், போஸ்னியன், மொண்டெநெக்ரின் என நான்கு பெயர்கள். நான்கின் தரவடிவமும் ‘ஷ்டோகாவியன்’ என்ற ஒரே வட்டாரப் பேச்சின் மேல் எழுந்தவை. ஸாக்ரெபில் பால் ‘ம்லியேகோ’, செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ‘ம்லெகோ’. ரொட்டி இங்கே ‘க்ரூஹ்’, அங்கே ‘ஹ்லெப்’. இரு ஊர்க்காரர்களும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்வார்கள். ஆனாலும் 1991-இல் விளாதிமீர் ப்ரோட்ன்யாக்கின் செர்பிய-குரோஷிய வேறுபாட்டு அகராதி வெளிவந்தது. எந்தச் சொல் நம்முடையது, எது அவர்களுடையது என்று பிரித்துக் காட்டுவது அதன் வேலை. எழுத்தாளருக்கு இதன் விளைவு நேரடியானது. நேற்றுவரை இயல்பாக எழுதிய சொல் இன்று அரசியல் சார்பின் சான்றாகிவிடும்.

3. புத்தகச் சந்தை. பலர் கவனிக்காத விஷயம் இது. ஸாக்ரெபில் அச்சான நாவல் பெல்கிரேடிலும் போஸ்னியத் தலைநகர் சரயேவோவிலும் அப்படியே விற்கும். மதிப்புரைகள் அங்கும் வரும். கூட்டாட்சியின் மிகப் பெரிய நாவல் பரிசான ‘நின்’ விருதை 1954 முதல் வழங்கி வந்தது பெல்கிரேடின் ‘நின்’ வார இதழ். போர் வந்ததும் எல்லைகள் மூடின, நாணயங்கள் மாறின, புத்தக வண்டிகள் நின்றன. ஒரு மொழிக்கு ஒரே வாசகப் பரப்பு என்றிருந்தது சில மாதங்களில் உடைந்தது.

போருக்கு முன்: வெட்டி ஒட்டும் கலை

உக்ரெஷிச்சைப் ‘புலம்பெயர் எழுத்தாளர்’ என்ற பெட்டிக்குள் நேராகப் போட்டுவிடுவது வழக்கம். அதில் பாதி வாழ்க்கை விடுபட்டுப்போகிறது. அவர் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியமும் ரஷ்ய இலக்கியமும் படித்தவர். அங்கேயே இலக்கியக் கோட்பாட்டு ஆய்வுப் பிரிவில் சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். மரபை உடைத்த சோதனைக் கலையான ரஷ்ய அவாங்-கார்ட் இயக்கம் அவருடைய ஆய்வுத் துறை. இலக்கிய ஆய்வாளர் அலெக்சாந்தர் ஃப்ளாக்கருடன் சேர்ந்து அந்த இயக்கத்தின் கலைச்சொற் களஞ்சியத்தைத் தொகுத்தார். ரஷ்ய அபத்த எழுத்தாளர் டானியில் கார்ம்ஸை மொழிபெயர்த்தார். எழுத வந்தது குழந்தைகள் நூல் வழியாக. முதல் புத்தகம் வந்தது 1971-இல்.

1920-களின் ரஷ்ய இலக்கியத்திலிருந்து அவர் கற்ற பாடம் ஒன்று. கதை தானாக ஓடும் ஆறு கிடையாது. அது பாகங்களைச் சேர்த்துச் செய்த பொருள். சேர்த்த இடங்களை வாசகருக்குக் காட்டலாம். காட்டினால் சுவை கூடும்.

1981-இல் வந்த ‘வாழ்க்கையின் தாடைகளில் ஷ்டெஃபிட்சா ஸ்வெக்’ இந்தப் பாடத்தின் விளையாட்டான வடிவம். ஷ்டெஃபிட்சா 25 வயதுத் தட்டச்சர், அத்தையோடு வசிக்கிறாள், துணை தேடுகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் நூல் தையல் இதழ்களில் வரும் ‘பேட்டர்ன்’ தாள் போல அமைந்திருக்கிறது. தொடக்கத்திலேயே குறியீடுகளின் விளக்கம். புள்ளிக்கோடு வந்தால் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளலாம், இன்னொரு குறி வந்தால் மடிப்பு வைக்க வேண்டும், மற்றொன்று வந்தால் இழுத்து நீட்ட வேண்டும். அந்தக் குறிகள் பக்கங்களுக்குள் உண்மையாகவே வருகின்றன. இடையிடையே பெண்கள் பத்திரிகையின் அழகுக் குறிப்புகள், தோழிகளின் அறிவுரைகள், கேள்வி-பதில் பகுதிகள். மலிவான காதல்கதையைக் கேலி செய்யும் நூல்தான். ஆனால் அதைப் படிக்கும் பெண்ணை எந்த இடத்திலும் கேலி செய்வதில்லை. இந்த நாவலின் சமநிலை அங்கேதான் இருக்கிறது. பின்னால் இதே உத்தியை எடுத்துக்கொண்ட பலர் சறுக்கியதும் அங்கேதான். 1984-இல் ராய்கோ க்ர்லிச் இதைத் திரைப்படமாக்கினார்.

1988-இல் வந்த அடுத்த நாவலில் ஸாக்ரெபில் ஒரு பன்னாட்டு எழுத்தாளர் மாநாடு நடக்கிறது. ஒரு ஸ்பானியக் கவிஞர் இறந்துபோகிறார், ஒரு செக் எழுத்தாளரின் கையெழுத்துப்படி தொலைகிறது, பெண் எழுத்தாளர்களை இளக்காரமாக எழுதும் விமர்சகர் ஒருவர் வசமாக மாட்டிக்கொள்கிறார். துப்பறியும் கதைச் சட்டகத்துக்குள் இலக்கிய உலகின் அங்கதம். அந்த ஆண்டின் நின் விருது இதற்குக் கிடைத்தது. விருதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆக 1990 தொடங்கும்போது அவர் கூட்டாட்சி முழுவதும் வாசிக்கப்பட்ட, சிரிக்கவைக்கத் தெரிந்த, வடிவச் சோதனைக்குப் பேர்போன எழுத்தாளர். அரசியல் கட்டுரையாளர் என்ற பெயர் அதுவரை அவருக்கு இல்லை.

1992-இல் நடந்தது: வரிசையாக

சூனியக்காரிகள் விவகாரம் என்று அறியப்படும் நிகழ்வைப் பலர் இடையிலிருந்து சொல்லத் தொடங்குவதால் குழப்பம் மிகும். நடந்தது இந்த வரிசையில்:

1. 1991 அக்டோபர் முதல் குரோஷியாவின் கடற்கரை நகரமான டுப்ரோவ்னிக் யூகோஸ்லாவிய ராணுவத்தின் முற்றுகையில் குண்டுவீச்சுக்கு ஆளானது. குரோஷியாவில் பொதுமனம் காயப்பட்டிருந்தது. இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

2. 1992-இல் உக்ரெஷிச் ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனியின் ‘டீ ட்ஸைட்’ இதழில் அது வெளிவந்தது. கட்டுரையின் பொருள் ஒரு சின்ன டப்பா. ‘தூய குரோஷியக் காற்று’ என்று அச்சிட்ட காலி டப்பாக்கள் அப்போது நினைவுப்பொருளாக விற்றன. அந்த டப்பாவிலிருந்து தொடங்கி, மொழியில், நூலகங்களில், அண்டை வீட்டாரிடையே ‘தூய்மை’ தேடும் மனநிலைக்கு அவர் போனார். வெளிநாட்டு இதழில் சொந்த நாட்டைப் பற்றி இப்படி எழுதியது உள்ளூரில் துரோகமாகப் பார்க்கப்பட்டது.

3. பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பான ‘பென்’ 1992 டிசம்பரில் ரியோ டி ஜெனிரோவில் மாநாடு நடத்தியது. அடுத்த மாநாட்டை டுப்ரோவ்னிக்கில் நடத்தலாமா என்ற விவாதம் அங்கே எழுந்தது. போர்க் குற்றங்கள், பேச்சுரிமை பற்றிய கேள்விகளை வெளிநாட்டுப் பிரதிநிதிகள் எழுப்பினார்கள். மாநாடு கடைசியில் 1993-இல் டுப்ரோவ்னிக்கிலேயே நடந்தது. ஆனால் எதிர்ப்புக்குப் பின்னால் உள்ளூர்ப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

4. 1992 டிசம்பர் 11 தேதியிட்ட ‘குளோபுஸ்’ என்ற குரோஷிய வார இதழில் எழுதியவர் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வந்தது. உக்ரெஷிச், ஸ்லாவென்கா டிராகுலிச், ராடா இவெகோவிச், வெஸ்னா கெஸிச், யெலெனா லோவ்ரிச் என்ற ஐந்து பெண்களை அது குறிவைத்தது. குரோஷியாவை இந்தப் பெண்ணியவாதிகள் வன்புணர்கிறார்கள் என்பதுதான் தலைப்பின் பொருள். போரில் நடந்த வன்புணர்வுகளை ஒரு படையின் குற்றமாகச் சொல்லாமல் ஆண்களின் குற்றமாகப் பொதுவாக்குகிறார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. ‘ரியோவின் சூனியக்காரிகள்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. எழுதியவர் சமூகவியலாளர் ஸ்லாவென் லெடிட்சா என்பது பின்னால் தெரியவந்தது. அவர் குரோஷிய அதிபர் டுஜ்மானுக்கு ஒருகாலத்தில் ஆலோசகராக இருந்தவர்.

5. கட்டுரையோடு ஓர் அட்டவணையும் இருந்தது. ஐந்து பெயர்கள், எதிரே பிறந்த ஊர், இனம், திருமண நிலை, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற விவரங்கள். வாதத்தைவிட இந்த அட்டவணைதான் ஆபத்தானது. வாதத்துக்குப் பதில் எழுதலாம். கட்டங்களுக்குள் நிரப்பப்பட்ட பிறந்த ஊருக்கு என்ன பதில் எழுத முடியும்?

6. தொலைபேசி மிரட்டல்கள், பத்திரிகைத் தாக்குதல்கள், பல்கலைக்கழகச் சகபணியாளர்களின் மௌனம். அவதூறு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. உக்ரெஷிச் 1993-இல் வேலையை விட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். சில ஆண்டுகள் பெர்லின், அமெரிக்கா என்று அலைந்து 1996 முதல் ஆம்ஸ்டர்டாமில் குடியிருந்தார்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். அவரை அரசு நாடுகடத்தியதாகச் சில குறிப்புகள் எழுதுகின்றன. அப்படி ஓர் ஆணை இல்லை. அரசு செய்ய வேண்டிய வேலையைப் பத்திரிகைகளும் பல்கலைக்கழகத் தாழ்வாரமும் அக்கம்பக்கமும் செய்து முடித்தன. 1996-இல் வந்த ‘பொய்களின் பண்பாடு’ கட்டுரைத் தொகுப்பு முழுக்க இதைத்தான் பேசுகிறது. சர்வாதிகாரியைவிட, கேட்காமலே ஒத்துழைக்கும் சாதாரணப் படித்தவர்தான் அவருடைய கோபத்துக்கு அதிகம் ஆளாகிறார்.

இதே காலத்தில் குரோஷிய நூலகங்களிலிருந்து செர்பிய எழுத்தாளர்களின் நூல்களும் செர்பியர்கள் பயன்படுத்தும் சிரிலிக் எழுத்தில் அச்சானவையும் பெருமளவில் கழித்துக்கட்டப்பட்டன. ஆந்தே லெஷாயா 2012-இல் இதைத் தனி நூலாகவே ஆவணப்படுத்தினார். ‘தூய காற்று’ கட்டுரை மிகைப்படுத்தல் என்று சொன்னவர்களுக்கு அந்த நூல் நல்ல பதில்.

வால்ரஸின் வயிறு: பட்டியல் நாவலாவது எப்படி

வெளியேறிய பின் எழுதிய நாவல்களில் முதன்மையானது ‘நிபந்தனையற்ற சரணாகதியின் அருங்காட்சியகம்’. தலைப்பிலுள்ள அருங்காட்சியகம் கற்பனை இல்லை. 1945 மே மாதம் நாஜி ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்ட கட்டடம் பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பகுதியில் இருக்கிறது. சோவியத் ராணுவம் அங்கே நடத்திய அருங்காட்சியகத்தின் பெயர் அது. அந்த ராணுவம் ஜெர்மனியைவிட்டுக் கிளம்பிய 1994-இல் அருங்காட்சியகமும் அந்த வடிவில் மூடப்பட்டது.

நாவல் பெர்லின் விலங்குக்காட்சிசாலையில் தொடங்குகிறது. ரோலாண்ட் என்ற வால்ரஸ் (தந்தமுள்ள பெரிய கடல்விலங்கு) 1961 ஆகஸ்ட் 21 அன்று இறக்கிறது. பெர்லின் சுவர் எழுந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதன் வயிற்றில் கிடைத்தவை கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இளஞ்சிவப்பு லைட்டர், ஐஸ் குச்சிகள், பூடில் நாய் உருவ உலோக ப்ரூச் (உடையில் குத்தும் அணி), பீர் பாட்டில் திறப்பான், குழந்தையின் தண்ணீர்த் துப்பாக்கி, பிளாஸ்டிக் கத்தி, கறுப்புக்கண்ணாடி, பொம்மை பாராசூட், திசைகாட்டி, குழந்தைச் செருப்பு, பூட்டு, சாவிக்கொத்து, ஊசியும் நூலும் உள்ள சின்னப் பை. பட்டியல் இன்னும் நீள்கிறது. பிறகு ஆசிரியர் வாசகருக்கு ஒரு குறிப்புத் தருகிறார். வரப்போகும் அத்தியாயங்களுக்குள் தொடர்பில்லை என்று தோன்றினால் பொறுத்திருங்கள், தொடர்பு தானே உண்டாகும் என்பது அதன் சாரம். இது சுயசரிதையா என்ற கேள்வி எப்போதாவது காவல்துறைக்குத் தேவைப்படலாம், வாசகருக்குத் தேவையில்லை என்று வேறோர் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

நாவலின் அமைப்பு இப்படி:

1. மொத்தம் ஏழு பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகளுக்கு ஜெர்மன் தலைப்புகள். அவை எண்ணிட்ட சிறு துண்டுகள், சில ஒரே வாக்கியம். பெர்லினில் அகதிகள், சந்தைகள், கலைஞர்கள், மேற்கோள்கள்.

2. இரட்டைப்படைப் பகுதிகள் நீண்ட கதைகள். ஒன்றில் தாயின் ஆல்பமும் நாட்குறிப்பும். இன்னொன்றில் தோழிகளின் இரவு விருந்துக்கு ஒரு தேவதூதன் வந்துபோகிறான்.

3. எல்லாவற்றையும் பிணைப்பது புகைப்படம். பக்ரா ஆற்றில் குளிக்கும் மூன்று பெண்களின் பழுப்பேறிய படம் ஒன்று கதைசொல்லியோடு ஊர் ஊராகப் போகிறது. அந்தப் பெண்கள் யாரென்று அவளுக்கே தெரியாது.

ஆல்பத்துக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். நாவலில் ஒரு கதை வருகிறது. சரயேவோவைக் குன்றுகளிலிருந்து குண்டுவீசித் தாக்கிய தளபதி ராட்கோ ம்லாடிச், தெரிந்தவர் வீட்டைத் தகர்க்கும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆல்பங்களை எடுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் தருகிறான். வீட்டை அழிப்பவனுக்கும் ஆல்பத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது! உலக அகதிகளைப் புகைப்படம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் வருகிறது.

1981-இன் தையல் விளையாட்டும் இந்த நாவலும் ஒரே உத்தியில் எழுதப்பட்டவைதாம். துண்டுகளைச் சேர்ப்பது, சேர்த்த இடத்தை மறைக்காமல் விடுவது. முன்பு அது கோட்பாடு படித்தவரின் குறும்பு. இப்போது வாழ்க்கையே துண்டாகிவிட்டதால் வேறு வழியில் சொல்ல முடியாத நிலை. ‘போர் அவருடைய நடையை மாற்றியது’ என்று விமர்சகர்கள் எழுதும்போது பாதிதான் சரி. நடை முன்பே இருந்தது, போர் அதற்குக் கனம் ஏற்றியது. குளோபுஸ் அட்டவணையையும் வால்ரஸின் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். முதலாவது ஐந்து மனிதர்களைச் சில கட்டங்களுக்குள் சுருக்கியது. இரண்டாவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்களிலிருந்து மனிதர்களை மீட்டெடுக்கப் பார்க்கிறது. பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

நினைவைப் பாடமாக நடத்தினால்

2004-இல் வந்த ‘வலி அமைச்சகம்’ வடிவத்தில் எளிது, உள்ளடக்கத்தில் கடுமை. தான்யா லூட்சிச் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் யூகோஸ்லாவிய இலக்கியம் கற்பிக்கிறாள். மாணவர்கள் எல்லாரும் உடைந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். சிலருக்குப் பாடத்தில் சேர்ந்தது தங்கும் அனுமதிக்காக. இல்லாத நாட்டின் இலக்கியத்தை, பெயர் மாறிவிட்ட மொழியில், பல தரப்பிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். பாடத்திட்டத்தை ஓரம்வைத்து, யூகோஸ்லாவியாவின் அன்றாட வாழ்வை நினைவிலிருந்து தொகுக்கச் சொல்கிறாள். சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட பிளாஸ்டிக் பை முதலில் வருகிறது. அகதிகளின் கையில் எங்கும் தென்படும் பை அது. யூகோஸ்லாவியக் கொடியிலிருந்து நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் நிறங்களும் அவைதாம்.

தலைப்பின் விளக்கம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் பிழைப்புக்காகப் பாலியல் கடைகளுக்கான தோல் உடுப்புகளைக் கூலிக்குத் தைக்கிறார்கள். அந்த வகைக் கேளிக்கை விடுதி ஒன்றின் பெயர் வலி அமைச்சகம். வேலைக்குப் போவதை ‘அமைச்சகத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

தான்யாவின் சோதனை எங்கே உடைகிறது என்பதை நாவல் நுணுக்கமாகக் காட்டுகிறது. முதலில் ஏக்கம் எல்லாரையும் ஒன்றுசேர்க்கிறது. அப்பா போர்க்குற்றத்துக்காக ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில் நிற்கும் ஒரு மாணவன் தற்கொலை செய்துகொள்கிறான். வகுப்பில் ஒன்றும் கற்பிக்கப்படுவதில்லை என்று யாரோ புகார் சொல்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் அவள் பயத்தில் திடீரெனக் கண்டிப்பான ஆசிரியையாகிறாள். அந்தத் துரோகத்தை இகோர் என்ற மாணவன் மன்னிப்பதில்லை. கைவிலங்கு பூட்டி அவளை நாற்காலியில் கட்டிவைக்கும் காட்சி, உக்ரெஷிச்சின் எழுத்தில் அபூர்வமாக நேரடி வன்முறை வரும் இடம். பழைய நாட்டுக்கான ஏக்கத்தை இனிப்பாக விற்கிறார் என்று அவர்மேல் குற்றம்சாட்டியவர்கள் இந்த நாவலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஏக்கத்தை வகுப்பறை மருந்தாக்கினால் அது விஷமாகும் என்பதுதான் கதையே.

கிழவிகளும் நரியும்

‘பாபா யாகா முட்டையிட்டாள்’ (2008) ஸ்காட்லாந்தின் கேனன்கேட் பதிப்பகம் நடத்திய தொன்ம மறுகூறல் வரிசைக்காக எழுதியது. பாபா யாகா, கோழிக்கால் மேல் நிற்கும் குடிசையில் வசிக்கும் ஸ்லாவியக் கிழவி. முதல் பகுதியில் ஸாக்ரெபில் சொற்கள் நழுவத் தொடங்கிய தாயும், அவளுக்குப் பதிலாக வார்னாவைப் பார்த்துவரப் போகும் மகளும். இரண்டாவதில் செக் நாட்டு ஸ்பா விடுதிக்கு வரும் மூன்று மூதாட்டிகள். மூன்றாவது, ஆபா பகாய் என்ற நாட்டாரியல் அறிஞர் பதிப்பாளருக்கு எழுதும் விளக்கம், அதாவது பாபா யாகா பற்றிய அகராதி. முதலிரண்டு கதைகளில் தொன்மம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த அகராதி சொல்லிவிடுவதால் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். பொறுமையோடு போனால் அகராதியே மெல்ல ஒரு கலகப் பிரகடனமாக மாறுவது தெரியும். அது 2010-இன் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் விருதைப் பெற்றது. அறிபுனைவு, மிகைபுனைவு எழுத்தில் பாலினம் பற்றிய சிந்தனைக்கான விருது என்பதால், எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைத்தது.

‘நரி’ (2017) ஆறு பகுதிகள். ரஷ்ய எழுத்தாளர் போரிஸ் பில்ன்யாக் 1926-இல் எழுதிய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நரியே எழுத்தாளரின் குலதெய்வம் என்பது அடிச்சரடு. அதில் ஒரு பகுதி குரோஷியக் கிராமத்து வீடு ஒன்றில் நடக்கிறது, சுற்றிலும் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகள். திரும்பிப் போவது பற்றி அவர் எழுதியதில் மிகச் சிறந்தது அந்தப் பகுதி.

அடைமொழி எங்கே வேலை செய்கிறது

எந்த நாட்டு எழுத்தாளர் என்பது வெறும் உணர்ச்சிப் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அந்தச் சொல் சில கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது.

1. மொழிபெயர்ப்பு. சிறிய மொழிகளின் நூல்களை வெளிநாட்டில் மொழிபெயர்க்கப் பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பண்பாட்டு அமைச்சகங்கள் நல்கை தருகின்றன. புத்தகக் கண்காட்சிகளில் நாட்டு வாரியாகவே அரங்குகள். சொந்த நாட்டோடு பகையான எழுத்தாளர் தனியாகத்தான் நிற்க வேண்டும். உக்ரெஷிச்சுக்கு அந்த இடத்தை நிரப்பியது மொழிபெயர்ப்பாளர்கள்: ஆங்கிலத்தில் சீலியா ஹாக்ஸ்வொர்த், மைக்கேல் ஹென்றி ஹைம், எலன் எலியாஸ்-புர்சாச், டேவிட் வில்லியம்ஸ். ‘அருங்காட்சியகம்’ முதலில் வெளிவந்தது டச்சு மொழிபெயர்ப்பில். மூலமொழியில் வாசிக்க சொந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2. பரிசு. ஒரு நாட்டின் பரிசுக்கு அந்நாட்டு எழுத்தாளராக இருக்க வேண்டும். எஞ்சியவை எல்லை தாண்டிய பரிசுகள். ஹைன்ரிஹ் மான் பரிசு (2000), நியூஸ்டாட் பன்னாட்டுப் பரிசு (2016) அப்படி வந்தவை. 2009-இல் மேன் புக்கர் பன்னாட்டுப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இருந்தார். நம் மகாஸ்வேதா தேவியும் அதே பட்டியலில் இருந்தார். அந்த ஆண்டு பரிசு ஆலிஸ் மன்றோவுக்குப் போனது.

3. வாசிப்புக் கோணம். ‘குரோஷியப் பெண் எழுத்தாளர்’ என்று அறிமுகமானால் மேடையில் எல்லாரும் போரைப் பற்றித்தான் கேட்பார்கள். நாவலின் உத்தியைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது. இதன்மேல் அவருக்கிருந்த எரிச்சலை இலக்கியச் சந்தை பற்றிய கட்டுரைகளில் நிறையப் பார்க்கலாம். பெரிய மொழியின் எழுத்தாளர் இலக்கியத்தின் பிரதிநிதி, சிறிய மொழியின் எழுத்தாளர் நாட்டின் பிரதிநிதி. இந்த ஓரவஞ்சனை இந்தியமொழி எழுத்தாளர்களுக்குப் புதிதில்லை.

மாற்றாக அவர் சொன்னது, தேசங்களுக்கு வெளியே ஒரு வலயம், அங்கே நாடுகடந்த இலக்கியம். கருத்து கவர்ச்சியானதுதான். நடைமுறையில் அந்த வலயத்துக்கு நூலகம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, பாதுகாக்கும் ஆவணக்காப்பகமும் இல்லை. அவருக்கே இது தெரியும். 2017-இல் நான்கு பெயர்களும் ஒரே பொதுமொழியின் வடிவங்களே என்று அறிவித்த ‘பொதுமொழிப் பிரகடன’த்தில் அவரும் கையெழுத்திட்டார். டச்சு நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் டச்சு மொழியில் எழுதவில்லை. நாட்டை விட்டவர் மொழியை விடவில்லை.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு

1. ஷ்டெஃபிட்சாவிலிருந்து தொடங்குவது நல்லது. சிறிய நூல், சிரிப்பும் உண்டு. பின்னால் வரும் கனமான நூல்களின் வடிவ இலக்கணம் இதில் எளிதாகப் பிடிபடும்.

2. இரண்டாவதாக ‘வலி அமைச்சகம்’. நேர்கோட்டுக் கதை, பின்னணி வரலாறு கொஞ்சம் தெரிந்தாலே போதும்.

3. ‘அருங்காட்சியகம்’ மூன்றாவது. ஒரே மூச்சில் படிக்க முயன்றால் பலர் எண்ணிட்ட துண்டுகளில் சலித்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று ஏழு நாளில் படிப்பது வசதி. கதைசொல்லியின் ‘நான்’ என்பதை ஆசிரியரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் வேலையை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம்.

4. கட்டுரைகளில் ‘பொய்களின் பண்பாடு’ முதலில். ‘அமெரிக்க அகராதி’ என்று சொல்லத்தக்க 1993 தொகுப்பு அதன் இணை. டச்சு நாளிதழ் பத்திகளாக, அமெரிக்காவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மாதங்களில் எழுதியவை. கடைசி நூலான ‘சூனியக்காரிகளுக்கு ஒரு வாய்ப்பூட்டு’ (2021) உரையாடல் வடிவிலானது. முப்பது ஆண்டுக்கு முன் ஒட்டிய பட்டத்தை அதன் தலைப்பில் அவரே எடுத்துச் சூடிக்கொண்டார். 1992-இன் நிகழ்வுகள் தெரியாமல் அதைத் திறந்தால் பாதி கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்காது.

5. ‘நரி’யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விருது பெற்ற ஆசிரியரின் பிற்காலப் படைப்பு என்று பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் பகுதியிலேயே பில்ன்யாக், ஜப்பான், 1920-களின் மாஸ்கோ என்று அடுக்கி வந்து விழுவதால் மூடிவைத்துவிடுகிறார்கள். தாண்ட முடியாவிட்டால் கண்ணிவெடி வீட்டுப் பகுதியை மட்டும் தனியாகப் படிக்கலாம், குறுநாவலாகவே நிற்கும்.